எந்த மருத்துவத்துக்கு அரசுப் பணம்? வாசகர் கேள்வி–பதில்

அரசு மருத்துவமனைகளுக்கு எதை வாங்குவது, காப்பீட்டுத் திட்டத்தில் எந்தச் சிகிச்சையைச் சேர்ப்பது என்பதை முடிவு செய்ய ‘மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீடு’ என்ற முறை இந்தியாவிலும் நடைமுறைக்கு வந்திருக்கிறது என்று சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே எழுதியிருந்தேன். அதை விளக்கச் சொல்லி வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளேன்.

எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும் என்று நெடுநாளாக மனு கொடுத்து வருகிறோம். தேவையை மதிப்பீடு செய்த பிறகுதான் சொல்ல முடியும் என்கிறார்கள். ‘இல்லை’ என்பதை நாகரிகமாகச் சொல்லும் வழிதானே இது?
*வாசகர் ஒருவர், பேரணாம்பட்டு*

சில இடங்களில் அப்படியும் நடக்கிறது என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆயினும் முறையாகச் செய்யப்படும் மதிப்பீடு தட்டிக் கழிப்பதற்கான கருவி அன்று. இந்தத் துறையில் ‘தொழில்நுட்பம்’ என்றால் இயந்திரம் மட்டுமே என்று பொருளில்லை. மாத்திரை, தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, அறுவைச் சிகிச்சை முறை, செவிலியர் வீடு தேடிச் செல்லும் திட்டம் ஆகிய எல்லாமே அதில் அடங்கும். இவற்றில் ஏதேனும் ஒன்றுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடும் முன், யாருக்காக இதைச் செய்கிறோம், இப்போது என்ன செய்து கொண்டிருக்கிறோம், அதைவிட இது எவ்வளவு கூடுதல் நலம் தரும், அந்தக் கூடுதல் நலத்துக்கு எவ்வளவு கூடுதலாகச் செலவாகும் என்ற கேள்விகளுக்குச் சான்றுகளோடு விடை தேடுவதே மதிப்பீடு.

உங்கள் மனுவையே எடுத்துக் கொள்வோம். சாலை விபத்தில் தலையில் அடிபட்டு வருபவருக்கு முதலில் தேவைப்படுவது பெரும்பாலும் சி.டி. ஸ்கேன்தான். எம்.ஆர்.ஐ. தேவைப்படுபவர்கள் முதுகுத்தண்டு, மூளை, மூட்டு தொடர்பான வேறு வகை நோயாளிகள். அவர்களில் பலரால் ஓரிரு நாள் பொறுக்க முடியும். ஆகவே உங்கள் கோரிக்கையை வெறுங்கையோடு ஒப்பிடக் கூடாது, சி.டி. ஸ்கேனோடும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கும் ஏற்பாட்டோடும் ஒப்பிட வேண்டும். பிறகு செலவு. இயந்திரத்தின் விலை செய்தித்தாளில் வரும். அதற்கென்று கட்ட வேண்டிய கதிரலை புகாத அறை, ஓயாத குளிரூட்டல், தடைபடாத மின்சாரம், படமெடுக்கும் தொழில்நுட்பர், படத்தைப் படித்து அறிக்கை எழுதும் மருத்துவர், உத்தரவாதக் காலம் முடிந்த பின் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை ஆகியவை வருவதில்லை. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பணமில்லாமல் நிற்கும் கதை நம் மருத்துவமனைகளுக்குப் புதிதன்று. நாளைக்கு ஐந்து பேருக்கு மட்டுமே படமெடுத்தால், முப்பது பேருக்கு எடுக்கும் இடத்தைப் போல ஒரு படத்துக்குப் பல மடங்கு செலவாகும்.

நம் நாட்டில் இதற்கான அமைப்பு 2017ஆம் ஆண்டு மத்திய சுகாதார அமைச்சகத்தின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் தொடங்கப்பட்டது. ‘எச்.டி.ஏ. இன்’ என்பது அதன் பெயர்ச் சுருக்கம். ஆய்வுகளைச் செய்வதற்குப் பல கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் அதனோடு இணைந்துள்ளன; சென்னை சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அவற்றுள் ஒன்று. இங்கிலாந்து 1999இலும் தாய்லாந்து 2007இலும் இதற்கென அமைப்புகளை ஏற்படுத்திக்கொண்டன. நாடுகள் இந்த முறையைக் கைக்கொள்ள வேண்டும் என்று 2014இல் உலக சுகாதார மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

உங்கள் ஊர் மனு டெல்லி வரை போக வேண்டியதில்லை. அதே கேள்விகளை மாவட்ட அளவிலேயே கேட்கலாம். அடுத்த மனுவில், கடந்த ஓராண்டில் உங்கள் மருத்துவமனையிலிருந்து ஸ்கேனுக்காக வெளியே அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குச் சி.டி., எத்தனை பேருக்கு எம்.ஆர்.ஐ. என்ற கணக்கைப் பரிந்துரைப் பதிவேட்டிலிருந்து கேட்டுப் பெற்று இணையுங்கள். அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் மையங்களை நடத்தும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். எண்ணிக்கையோடு வரும் மனுவைத் தள்ளிவைப்பது கடினம். அந்த எண்ணிக்கை, முதலில் சி.டி. வேண்டும் என்று உங்களையே மனம் மாற்றவும் கூடும்.

அரசு முகாமில் என் தாயாருக்குக் கண்புரை அறுவை செய்து கடின லென்ஸ் வைத்தார்கள். என் சம்பந்தி தனியார் மருத்துவமனையில் மடிப்பு லென்ஸ் வைத்துக்கொண்டார். ஏழைக்கு ஒரு லென்ஸ், பணக்காரருக்கு ஒரு லென்ஸ் என்பது எந்த நியாயம்?
*வாசகி ஒருவர், குடியாத்தம்*

இந்தக் கேள்வியை, மேலே சொன்ன எச்.டி.ஏ. இன் அமைப்பே தன் முதல் ஆய்வுகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. அறுவை முறைகளில் சிறு கீறல் வழியாகக் கையால் புரையை வெளியே எடுப்பது ஒன்று; ஒலியதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சும் ‘ஃபேகோ’ முறை மற்றொன்று. முதல் முறைக்குக் கடின லென்ஸ் பொருந்தும்; இரண்டாவதில் கீறல் மிகச் சிறியது என்பதால், சுருட்டி உள்ளே செலுத்தி விரிய விடும் மடிப்பு லென்ஸ் வைக்கிறார்கள். ஃபேகோவில் கண் விரைவாகத் தேறும், கீறலால் ஏற்படும் பார்வைக் கோணலும் குறைவு என்பது உண்மை. ஆனால் சில வாரங்கள் கழித்துக் கண்ணாடியோடு பார்வையைச் சோதித்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதை இந்தியாவிலும் நேபாளத்திலும் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. செலவிலோ வேறுபாடு பெரிது. எனவே பொதுப்பணத்தில் செய்யும்போது சிறு கீறல் முறையும் கடின லென்ஸும்தான் செலவுக்கேற்ற பலனை மிகுதியாகத் தருகின்றன என்று முடிவு சொன்னார்கள்.

உங்கள் தாயாருக்குக் கிடைத்தது இரண்டாந்தர மருத்துவம் இல்லை அம்மா. அந்த முறையில் மிச்சமாகும் பணத்தில்தான் ஒரே முகாமில் இன்னும் பலருக்குப் பார்வை கிடைக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மலிவு விலையில் தயாரிக்க மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1992இல் ஆரோலேப் நிறுவனத்தைத் தொடங்கியதையும் இங்கே நினைவுகூரலாம். லென்ஸ் விலை சரிந்ததால்தான் முகாமில் எல்லோருக்கும் லென்ஸ் வைப்பதே வழக்கமாயிற்று. என் சொந்தக் கருத்து ஒன்றையும் சேர்க்கிறேன். இத்தகைய முடிவுகளை எக்காலத்துக்கும் பூட்டி வைக்கக் கூடாது. மடிப்பு லென்ஸின் விலையும் ஃபேகோ இயந்திரத்தின் விலையும் இறங்க இறங்கக் கணக்கு மாறும். மாறும்போது அரசு மீண்டும் கணக்குப் போட வேண்டும். அறுவைக்குப் பின் கண்ணாடியைத் தராமல் விட்டால் இந்தக் கணக்கு முழுவதுமே பொய்யாகிவிடும் என்பதையும் முகாம் நடத்துபவர்கள் மறக்கக் கூடாது.

என் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். காப்பீட்டு அட்டையில் இலவசம்தான். ஆனாலும் கடன்பட்டு நிற்கிறோம். வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்துகொள்ளும் முறை இருக்கிறது என்கிறார்கள். அரசு ஏன் அதை எல்லோருக்கும் தருவதில்லை? மதிப்பீடு என்ன சொல்கிறது?
*வாசகி ஒருவர், ஆற்காடு*

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் மதிப்பீட்டின் பலமும் பலவீனமும் ஒருங்கே தெரிவது உங்கள் கேள்வியில்தான். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

‘இலவசம், ஆனாலும் கடன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனைக் கணக்கில் ஒரு முறை டயாலிசிஸ் செய்ய ஆகும் செலவு என்பது வடிகட்டி, குழாய், மருந்து, பணியாளர் சம்பளம், இயந்திரத் தேய்மானம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை. உங்கள் வீட்டுக் கணக்கு வேறு: விடியற்காலைப் பேருந்து, அது தவறினால் ஆட்டோ, இருவருக்கும் வெளியே சாப்பாடு, வாரத்தில் மூன்று நாள் அவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை என்று போகும் கூலி. அரசின் செலவை மட்டும் எண்ணும் மதிப்பீட்டில் இந்த இரண்டாவது கணக்கு இடம்பெறாது. சமூகம் முழுவதும் சுமக்கும் செலவை எண்ண வேண்டும் என்பது இந்திய அமைப்பின் வழிகாட்டுதலிலேயே உள்ளது. எந்த ஆய்வை வாசித்தாலும் யாருடைய செலவு எண்ணப்பட்டது என்று முதலில் பார்ப்பது என் வழக்கம்.

இயந்திர டயாலிசிஸுக்கு இன்னொரு செலவும் உண்டு. நம் பாலாற்றுப் படுகைக்காரர்களுக்கு அது எளிதில் புரியும். இயந்திரத்துக்குள் நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் சுத்திகரித்த நீர்க்கரைசல் ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். அந்தத் தூய நீரை எடுக்கும்போது கழிவாக வெளியேறும் நீர் தனி. ஒருவருக்கு ஒரு முறைக்கு இவ்வளவு என்றால், பத்துப் படுக்கை கொண்ட மையம் ஒன்று இரண்டு, மூன்று சுற்று நடத்தும்போது எவ்வளவு நீர் தேவைப்படும் என்று எண்ணிப் பாருங்கள். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் மையத்தைத் திறப்பதற்கும், காவிரிக் கரையில் திறப்பதற்கும் கணக்கு ஒன்றாகாது.

வயிற்று வழி டயாலிசிஸில் இந்தத் தண்ணீரும் இல்லை, இயந்திரமும் இல்லை. வயிற்றில் நிலையாகப் பொருத்திய மெல்லிய குழாய் வழியாகச் சுமார் இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்து, புதிய பையை மாட்ட வேண்டும். நாளைக்கு மூன்று நான்கு முறை. இடைப்பட்ட நேரத்தில் நடமாடலாம், இலேசான வேலை செய்யலாம். தாய்லாந்து தன் மதிப்பீடுகளின் துணையோடு 2008இல் ‘முதலில் வயிற்று வழி’ என்பதையே அரசுத் திட்டத்தின் விதியாக்கியது. இந்தியாவிலும் 2016இல் தொடங்கிய பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் 2019இல் இம்முறைக்கான வழிகாட்டுதல் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிலேயே இப்படிச் செய்துகொள்பவர்களுக்குப் பைகளைக் கொண்டு சேர்க்கும் பணியும் அடங்கும்.

பிறகு ஏன் எல்லோருக்கும் தருவதில்லை? மாற்றும்போது கை சுத்தம் சற்றுத் தவறினாலும் வயிற்று உறையில் தொற்று ஏற்படலாம். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். தூசியில்லாத ஓர் இடம், கை கழுவ நல்ல தண்ணீர், பை மாற்றக் கற்றுக்கொண்ட ஒருவர், மாதத்துக்குச் சுமார் நூறு பைகளை வெயில் படாமல் அடுக்கி வைக்க இடம் ஆகியவை வேண்டும். ஒற்றை அறை வீட்டில் இவை எளிதல்ல. தாய்லாந்திலும் ஒரே விதி எல்லோருக்கும் பொருந்தாது என்ற குரல் எழுந்து, 2022இல் நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்று மாற்றினார்கள்; உடனே இயந்திர டயாலிசிஸுக்குச் செல்பவர்களும் செலவும் பெருகின. சராசரிக் கணக்கு ஒரு முறையைப் பரிந்துரைக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் அது பொருந்துமா என்பதை அந்த வீட்டைப் பார்த்த செவிலியர்தான் சொல்ல முடியும். அரசு இரண்டு வழிகளையும் திறந்து வைத்து, வயிற்று வழி முறைக்குப் பயிற்சியும் வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியரும் கிடைக்கச் செய்து, தொடக்கத்திலேயே நோயாளியிடம் இரண்டையும் விளக்க வேண்டும் என்பதே என் கருத்து. இப்போது பலருக்கு இரண்டாவது வழி இருப்பதே தெரியாமல் போகிறது.

உங்கள் கணவருக்கு இம்முறை ஏற்றதா என்பதைச் சிறுநீரக மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். முன்பு வயிற்றில் பெரிய அறுவை நடந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். உங்கள் பகுதி மக்களைத் தேடி மருத்துவப் பணியாளரிடம் பை கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

ஓர் உயிருக்கு இவ்வளவு ரூபாய்தான் என்று விலை வைப்பது அறமா? உயிரோடு இருக்கும் ஆண்டுகளைத் தரம் பிரித்துப் பெருக்கிக் கூட்டுவதாகக் கேள்விப்பட்டு அதிர்ந்து போனேன்.
*ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், காட்பாடி*

ஐயா, முதலில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அறத்துக்கு வருவோம். ஒருவருடைய உடல்நிலையை நடமாட்டம், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளுதல், அன்றாட வேலை, வலி, மனக் கவலை என்ற ஐந்து கூறுகளில் கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ‘தொல்லையே இல்லை’ முதல் ‘முடியவே இல்லை’ வரை ஐந்து படிகள். ஆக 3,125 வகை உடல்நிலைகள் வரும். நல்ல உடல்நிலைக்கு 1, இறப்புக்கு 0 என்று வைத்து, இடைப்பட்ட நிலைகளுக்குப் பொதுமக்களிடமே மதிப்பெண் கேட்கிறார்கள். இந்தியர்களின் மதிப்பெண்களைத் திரட்டும் ஆய்வு தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் நடந்து, 2022இல் வெளியானது. அதற்கு முன் பிற நாட்டு மக்கள் போட்ட மதிப்பெண்ணைத்தான் நாம் கடன் வாங்கிக் கொண்டிருந்தோம்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். பழைய சிகிச்சைக்கு 1 லட்சம் ரூபாய். நோயாளி 4 ஆண்டு, அரைகுறை நலத்தோடு, அதாவது 0.5 மதிப்பில் வாழ்கிறார்: இரண்டையும் பெருக்கினால் நல்வாழ்வு ஆண்டு 2. புதிய சிகிச்சைக்கு 4 லட்சம். 5 ஆண்டு, 0.7 மதிப்பில்: நல்வாழ்வு ஆண்டு 3.5. கூடுதல் செலவு 3 லட்சம், கூடுதல் பலன் 1.5, ஒரு நல்வாழ்வு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். இதை ஏற்கலாமா வேண்டாமா என்பதற்கு நாட்டின் தனிநபர் உள்நாட்டு உற்பத்தியை ஓர் எல்லைக் கோடாக இந்தியாவில் பயன்படுத்துகிறார்கள்; அது இப்போது ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாயைத் தாண்டியிருக்கிறது. கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. தனிநபர் உற்பத்தியின் மடங்குகளை அளவுகோலாக்குவது சரியன்று என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே பின்னர் எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் நீண்ட காலம் 20,000 முதல் 30,000 பவுண்டு வரை வைத்திருந்தார்கள். அதுவும் வேதவாக்கு இல்லை.

அறத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். விலை வைப்பது இந்தக் கணக்கு வந்த பிறகு தொடங்கிய பழக்கம் இல்லை. மருந்து இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பும்போதும், அறுவைக்கு ஆறு மாதம் கழித்துத் தேதி கொடுக்கும்போதும், ஓர் ஊருக்கு மருத்துவர் பணியிடமே உருவாக்காமல் விடும்போதும் யாரோ ஒருவருடைய வாழ்நாள் எண்ணாமலேயே கழிக்கப்படுகிறது. கையெழுத்துப் போட்டவர் யாரென்றும் தெரிவதில்லை. கணக்கை வெளியே வைத்தால் குறைந்தபட்சம் அதை எதிர்த்து வாதிடலாம். எதிர்க்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன. பிறவியிலேயே நடக்க முடியாதவருக்குச் சிகிச்சை அளித்தாலும் அவர் மதிப்பெண் 1ஐத் தொடாது. அதனால் அவரைக் காப்பாற்றுவதில் பலன் குறைவு என்று இந்தக் கணக்கு சொல்லிவிடும் அபாயம் உண்டு. முதியோருக்கு எஞ்சிய ஆண்டுகள் குறைவு என்பதாலும் அதே சிக்கல். அரிய பரம்பரை நோய்களுக்கான மருந்துகள் எந்தக் கோட்டுக்கும் கீழே வராது. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று பல நாடுகளில் விதி வைத்திருக்கிறார்கள். அந்த விதி காகிதத்தில் மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, உங்களைப் போலக் கேள்வி கேட்பவர்களுக்கும் உண்டு.

மதிப்பீட்டில் ‘வேண்டாம்’ என்று சொல்லப்பட்ட பொருள் ஏதேனும் உண்டா?
*வாசகர் ஒருவர், ஆம்பூர்*

உண்டு. ஒரு முறை குத்திய பின் மீண்டும் பயன்படுத்த முடியாதபடி தானே பூட்டிக்கொள்ளும் ஊசிக்குழலை மருத்துவமனைகளில் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்த அதே ஆய்வு, செவிலியர் கையில் ஊசி குத்தாமல் தடுக்கும் உறை கொண்ட வகையை அப்போதைய விலையில் பரிந்துரைக்கவில்லை. விலை குறைந்தால் முடிவு மாறும். எந்த விலைக்கு வந்தால் ஏற்கலாம் என்று கணக்கிலேயே தெரிந்துவிடுவதால், நிறுவனத்தோடு பேரம் பேச அரசுக்கு அது நல்ல பிடி. செவிலியரின் பாதுகாப்பைப் பணத்தால் எடை போட்டது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உலகத்தரம் வாய்ந்த மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் வேலூர். இங்கே நடக்கும் ஆய்வுகள் இத்தகைய முடிவுகளுக்கு உதவியிருக்கின்றனவா?
*செவிலியர் பயிற்சி மாணவி ஒருவர், பாகாயம்*

மிக உதவியிருக்கின்றன. மதிப்பீட்டுக்கு வேண்டிய கச்சாப் பொருளே நம் ஊர் நோயாளிகளைப் பற்றிய நம்பகமான எண்கள்தான். 1980களிலேயே கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் முதலியோர் வட ஆற்காடு மாவட்டத்தில் மருத்துவர்களிடமிருந்து நோய்த் தகவல்களைத் திரட்டிக் கொள்ளைநோயை முன்கூட்டியே அறியும் ஏற்பாட்டைச் செய்தார்கள். மாவட்ட அளவிலேயே நோய்க் கண்காணிப்பு முடியும் என்று அது காட்டியது.

ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. வேலூரின் நெரிசலான குடியிருப்புகளில் 452 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை பின்தொடர முயன்ற ஆய்வு ஒன்றின் முடிவு 2011இல் வெளியானது. மெக்சிகோவில் இரண்டு முறை தொற்று வந்த குழந்தைக்கு மூன்றாம் முறை கடுமையான நோய் வருவதில்லை என்று முன்பே கண்டிருந்தார்கள். வேலூரில் மூன்று முறை தொற்று வந்த பிறகும் பாதுகாப்பு 79 விழுக்காடுதான். மெக்சிகோ எண்ணை வைத்து இங்கே தடுப்பூசியின் பலனைக் கணித்திருந்தால் கணக்கு ஏமாற்றியிருக்கும்.

அதன் பின் இந்தியாவில் உருவான ரோட்டாவேக் சொட்டு மருந்தை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் திறன் சுமார் 55 விழுக்காடு என்று வந்தது. பாதிதானா என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. திறன் குறைவானாலும் நோய் மிகப் பரவலாக இருக்கும் நாட்டில், தடுக்கப்படும் மருத்துவமனைச் சேர்க்கைகளின் எண்ணிக்கை பெரிதாகவே இருக்கும். ஒரு தவணை 1 டாலருக்குக் கிடைக்கும் என்று தயாரிப்பாளர் அறிவித்ததும் கணக்கு தெளிவாகிவிட்டது. 2016இல் நான்கு மாநிலங்களிலும், 2017இல் தமிழ்நாட்டிலும் ரோட்டா சொட்டு மருந்து அரசு அட்டவணையில் சேர்ந்தது. நீங்கள் நாளை துணை சுகாதார நிலையத்தில் குழந்தையின் வாயில் ஐந்து சொட்டு விடும்போது, இந்தப் பின்னணி உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

எங்கள் மலைக் கிராமத்தில் வீடுகளே சில நூறுதான். தலைக்கு இவ்வளவு பலன் என்று கணக்குப் பார்த்தால் எங்களுக்கு எதுவுமே கிடைக்காது அல்லவா?
*வாசகர் ஒருவர், பீஞ்சமந்தை*

செலவுக் கணக்கை மட்டும் வைத்தால் கிடைக்காது. அதனால்தான் அதை மட்டும் வைக்கக் கூடாது. சமவெளியில் ஒரு வாகனம் நாளைக்குப் பத்துப் பேரை ஏற்றும். ஜவ்வாது மலையில் ஒருவரை ஏற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பாம்புக்கடியையே பாருங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே நம் நாட்டு விஷமுறிவு மருந்து தயாராகிறது. மருந்து அடிவாரத்தில் தயாராக இருந்தாலும், கடிபட்டவரைத் தூளியில் சுமந்து வரும் நேரத்தில் விஷம் ஏறிவிடுகிறது. அங்கே மருத்துவத் தொழில்நுட்பம் என்பது சாலைதான். மலையேறும் சிறு வாகனமும், ஊரிலேயே முதலுதவி தெரிந்த ஒருவரும் அதற்கு அடுத்தவை. மதிப்பீட்டு அறிக்கைகளில் ‘சமத்துவம்’ என்ற தலைப்பில் ஒரு பகுதி எழுத வேண்டும் என்பது நெறி. நான் வாசித்தவற்றில் பலவற்றில் அது ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது. மலைவாழ் மக்களுக்கென்று தனியாகக் கணக்கிட்டு, சமவெளியைவிடக் கூடுதலாகச் செலவிட அரசு ஆயத்தமாக இருக்கிறது என்று எழுத்தில் சொல்லப்பட வேண்டும்.

புதிய கருவிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். காசநோய் போன்ற பழைய நோய்களுக்கு இந்த மதிப்பீட்டால் என்ன பயன்?
*வாசகர் ஒருவர், வாலாஜாபேட்டை*

கோவாவில் தயாராகும், பேட்டரியில் இயங்கும் ட்ரூநாட் கருவி, நுண்ணோக்கிக்குத் தப்பிய காசநோயையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கண்டுபிடிக்கும். 2020இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றது. ஆனால் அதைவிட எளிமையான ஒன்றை நான் உயர்வாக மதிக்கிறேன். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்ட’த்தில், நோய் உறுதியானவுடன் எடை, உயரம், மூச்சின் வேகம், விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு, எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்க்கிறார்கள். மிக மெலிந்து போனவர், மூச்சுத் திணறுபவர், நிற்க முடியாதவர் எனில் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். எடைக்கல்லும் ஆக்சிஜன் மானியும்தான் கருவி. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் நேரும் இறப்புகளைக் குறைப்பதே நோக்கம். விலை மலிவான இத்தகைய முறைகளை விற்கவோ விளம்பரம் செய்யவோ எந்த நிறுவனமும் வராது. அவற்றைத் தேடி எடுத்து நிறுக்க அரசுதான் முன்வர வேண்டும்.

இந்த மதிப்பீடுகளில் எங்களைப் போன்ற சாதாரண மக்களுக்கு இடமுண்டா?
*மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள், கணியம்பாடி*

இப்போது சிறிய இடம்தான். எதை ஆராய வேண்டும் என்று தலைப்புக் கொடுப்பவை பெரும்பாலும் மத்திய, மாநில அரசுத் துறைகள். ஒரு நிபுணர் குழு அதைச் சீர்தூக்கி ஆய்வு நிறுவனத்திடம் ஒப்படைக்கும். நடுவில் தொடர்புடையவர்களின் கருத்தைக் கேட்கும் கூட்டங்கள் உண்டு. நோயாளிகள் அந்தக் கூட்டங்களில் மிகக் குறைவாகவே உட்கார்ந்திருக்கிறார்கள். பரிந்துரையை அரசு ஏற்றே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முடிந்த அறிக்கைகள் சுகாதார ஆராய்ச்சித் துறையின் இணையதளத்தில் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. சுருக்கத்தைத் தமிழில் வெளியிட வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை.

உங்கள் குழு செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிராம சபையில் ‘மருத்துவ வசதி வேண்டும்’ என்று பொதுவாகத் தீர்மானம் போடுவதற்கு மாற்றாக, சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை எந்தெந்த மாதம் தடைபட்டது, பிரசவத்துக்கு வேலூருக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர், ஒரு நடைக்கு வண்டிச் செலவு எவ்வளவு என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்துத் தீர்மானத்தோடு இணையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பழுதாகிக் கிடக்கும் கருவி எது, எவ்வளவு நாளாக என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் விடை தர வேண்டும். அந்தப் பதிலின் நகலை எங்களுக்கும் அனுப்பினால், வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.